தருமச்சாலையின் வாயிலும் ஞானசபையின் வாயிலும்

(தைப்பூச விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலூர் மாவட்டத்து வடலூர்ப் பெருவெளிக்குச் செல்லும் அன்பர் அங்கே இரண்டு வாயில்களைக் காண்பார். ஒன்று சத்திய தருமச்சாலையின் வாயில். மற்றொன்று சத்திய ஞானசபையின் வாயில். இரண்டையும் அமைத்தவர் ஒருவரே. திருவருட்பிரகாச வள்ளலார் என்று உலகம் போற்றும் இராமலிங்க அடிகளார் அவர். இரண்டும் ஒரே வெளியில், நடந்து சென்று சேரும் தொலைவில் உள்ளன. ஆயினும் இவ்விரு வாயில்களுக்கும் உரிய விதி ஒன்றன்று.

தருமச்சாலையின் வாயிலில் எவரும் எதுவும் கேட்பதில்லை. பசித்தவர் என்பது ஒன்றே உள்ளே செல்லப் போதுமான தகுதி. அவர் எந்த ஊரினர், எந்தக் குலத்தினர், எந்தச் சமயத்தினர் என்ற கேள்வி எழுவதில்லை. முதல்நாள் இரவு அவர் தம் வீட்டில் மீன் உண்டாரா, ஆட்டிறைச்சி உண்டாரா என்ற கேள்வியும் எழுவதில்லை. ஞானசபையின் வாயிலோ வேறு. கொலையையும் புலால் உண்பதையும் விட்டவர்களே உள்ளே புகலாம் என்னும் விதி அங்கே எழுத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

முதன்முறை காண்பவருக்கு இது முரணாகத் தோன்றக்கூடும். புலால் உண்பது பிழையென்றால் உண்பவருக்குச் சோறிடுவது எப்படிப் பொருந்தும்? எல்லோரும் ஒன்றென்றால் ஞானசபையில் மட்டும் தடை ஏன்? இந்த வினாவுக்கு விடை தேடினால், புலால் உணவை ஏன் விட வேண்டும் என்பதற்கான மெய்யான காரணம் கிடைத்துவிடும். வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பல. உடல்நலம் என்பார் உண்டு. குலவழக்கம் என்பார் உண்டு. தூய்மை என்பார் உண்டு. வள்ளலார் காட்டிய காரணம் இவற்றினும் ஆழமானது.

1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகவாக அவர் வருவிக்கவுற்றார். சென்னையில் வளர்ந்து, பின்னர்த் தென்திசை வந்து கருங்குழியில் தங்கியிருந்த காலத்தில் பசியின் கொடுமை அவர் உள்ளத்தை வாட்டியது. 1867-ஆம் ஆண்டில் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். பிரபவ ஆண்டு வைகாசி 11-ஆம் நாள், அதாவது 23.05.1867 அன்று, அங்கே தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டப்பெற்ற அடுப்பு அணையா அடுப்பென்றே பெயர் பெற்று இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. ஞானசபையில் முதல் வழிபாடு நிகழ்ந்ததோ 25.01.1872 அன்று வந்த தைப்பூசத்தில்தான். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். முதலில் எழுந்தது சோற்றுச்சாலை. அதன் பின்னரே ஒளி வழிபாட்டுக்குரிய சபை. அடிகளாரின் நெறியை அறிய விழைவோர் இந்த வரிசையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் அருளிய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில் உயிர்களுக்கு நேரும் துன்பங்கள் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என வகுக்கப்படுகின்றன. ஏழில் இரண்டை மட்டும் அவர் தனியே எடுத்து உயர்த்திப் பேசுகிறார். ஒன்று பசியை நீக்குதல். மற்றொன்று கொலையை நீக்குதல். பசியால் ஓர் உயிர் உடலை விட்டு நீங்குகிறது, கொலையாலும் அப்படியே. உள்ளிருந்து எரிக்கும் தீயால் வருவது ஒன்று; வெளியிலிருந்து வரும் கத்தியால் நேர்வது மற்றொன்று. துடிக்கும் உயிருக்கு அவற்றிடையே என்ன வேறுபாடு? ஆதலால் பசித்தவனைக் கண்டு இரங்கும் நெஞ்சமும், வெட்டுக்கு இழுத்துச் செல்லப்படும் ஆட்டைக் கண்டு இரங்கும் நெஞ்சமும் ஒரே நெஞ்சமாகத்தான் இருக்க முடியும். ஒன்றுக்கு இரங்கி மற்றொன்றுக்கு இரங்காத நெஞ்சில் இரக்கம் இன்னும் முழுமை பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இது அடிகளார் புதிதாகக் கண்ட நெறி என்று சொல்வதற்கில்லை. தமிழ் மண்ணில் இதன் வேர் மிகப் பழையது. திருக்குறளில் புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம். கொல்லாமை 33-ஆம் அதிகாரம். கொல்லாமையின் இரண்டாம் குறள் என்ன சொல்கிறது என்று பார்க்கும்போது வியப்பே மேலிடும். கிடைத்ததைப் பங்கிட்டு உண்டு, பல உயிர்களையும் பேணுவதே நூலோர் தொகுத்த அறங்கள் எல்லாவற்றிலும் தலையாயது என்பது அதன் கருத்து. கொல்லாதே என்று விலக்கும் அதிகாரத்தில் பகிர்ந்து உண்பதைப் பேசுவானேன்? ஈகைக்கும் விருந்தோம்பலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் இருக்கவே இருக்கின்றன. எனினும் வள்ளுவப் பெருந்தகை இரண்டையும் ஒரே குறளில் பிணைத்துவிட்டார். கொல்லாதிருப்பதும் சோறிடுவதும் ஒரே அறத்தின் இரு கைகள் என்பது அவர் கருத்தாகத் தெரிகிறது.

சாத்தனாரின் மணிமேகலையிலும் இதே பிணைப்பைக் காணலாம். ஆபுத்திரன் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. வேள்வியில் பலியாக இருந்த பசுவைக் கண்டு உள்ளம் பொறாது, இரவில் அதனை அவிழ்த்துக்கொண்டு சென்றான் அச்சிறுவன். பிடிபட்டான், பழிக்கப்பட்டான், வளர்த்த தந்தையாலேயே வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டான். மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் நோயாளர்க்கும் முதலில் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்குத்தான் வந்தது. பசுவின் கயிற்றை அவிழ்த்த அதே கை பிச்சைப் பாத்திரம் ஏந்திப் பசி தீர்த்த கையாகவும் இருந்தது என்பதைக் காப்பியம் விரித்துரைக்கிறது.

ஆயினும் குறளைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். புலால் மறுத்தல் துறவறவியலில் அல்லவா வைக்கப்பட்டுள்ளது? இல்லறத்தாருக்கு அது கட்டாயம் இல்லைதானே என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதே அதிகாரத்தில், தின்பவர் இல்லையென்றால் விலைக்கு இறைச்சி விற்பவரும் இருக்கமாட்டார் என்ற கருத்தும் இடம்பெற்றிருக்கிறது. கடைக்குச் சென்று இறைச்சி வாங்குகிறவன் துறவி அல்லன், இல்லறத்தானே. 'வெட்டியவன் வேறொருவன், காசு கொடுத்தது மட்டுமே என் செயல்' என்று ஒதுங்கிக்கொள்ளும் வழியை வள்ளுவர் அப்போதே அடைத்துவிட்டார். அடிகளார் மேலும் ஒரு படி சென்றார். ஜீவகாருண்யத்தை அவர் காட்டுக்குச் சென்றவர்க்கு உரியதாகப் பேசவில்லை. மனைவி மக்களோடு வாழும் சமுசாரிகளை நோக்கியே பேசினார். திருமணம் முதலிய சடங்குகளுக்குப் பெரும்பொருள் செலவிடுவோர் அதில் ஒரு பகுதியைப் பசித்தவர்க்கு ஆக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

இன்னோர் ஐயமும் உண்டு. அது பெரும்பாலும் இளைஞர்களிடமிருந்து வரும். செடிகொடிகளுக்கும் உயிர் உண்டே. கீரையைக் கிள்ளுவதும் கொலைதானே? நகைப்புக்காகச் சிலர் கேட்டாலும், அடிகளார் இவ்வினாவைத் தம் நூலில் தாமே எழுப்பி விடையும் தந்துள்ளார். தாவரங்களிலும் உயிர் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அவற்றில் உயிர் விளக்கம் சிறிதளவே உள்ளது. விதை, காய், கனி, இலை, பூ முதலியவற்றைக் கொள்ளும்போது அந்த உயிர் போவதில்லை. நகமும் மயிரும் களைவது போன்றது அது என்று விளக்குகிறார். மாமரம் கனி கொடுத்த பின்னும் மரமாகவே நிற்கிறது. ஆடு தன் தொடையைக் கொடுத்துவிட்டு நிற்பதில்லை.

இனி, சைவ நன்மக்கள் கேட்கக் கூசும் ஒரு கேள்வி. கண்ணப்ப நாயனார் காளத்தியப்பருக்கு ஊன் படைத்தாரே, இறைவன் ஏற்றாரே? நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் வலையில் சிக்கும் மீன்களுள் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டாரே? இவர்கள் அறுபத்துமூவருள் இடம்பெற்றவர்கள் அல்லரோ? ஆம், இடம்பெற்றவர்களே. சேக்கிழார் பெருமான் இவர்கள் வரலாற்றை மறைக்கவில்லை. அவர் காட்டுவது ஊனின் சிறப்பையன்று. தன் கண்ணைத் தானே இடந்து அப்பிய அன்பின் சிறப்பை. அந்த அன்பைச் சுட்டி இன்று ஊன் உண்ண நியாயம் தேடுவோர், கண்ணை இடந்து வைத்த செயலை மட்டும் பின்பற்ற முன்வருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்! ஆயினும் இவ்வரலாறுகளில் புலால் உண்ணாதோர்க்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சோற்றுக்கடைப் பலகையில் 'சைவம்' என்றால் இறைச்சி இல்லாத உணவு என்று பொருள். சைவ நெறியின் அடியார் திருக்கூட்டத்திலோ வேடரும் பரதவரும் வீற்றிருக்கின்றனர். உணவு தூயதாக இருப்பதால் மட்டும் அவர்களுக்கு மேலான இடம் ஒருவர்க்கும் கிடைத்துவிடாது.

இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புலால் மறுப்பு இரக்கத்திலிருந்து பிறக்காமல் பெருமையிலிருந்து பிறந்துவிடும் இல்லங்கள் பலவாக உள்ளன. மீன் உண்ணும் குடும்பத்திலிருந்து மருமகள் ஒருத்தி வருகிறாள். புகுந்த வீட்டுக்காக அவள் அதை விட்டுவிடுகிறாள். விட்ட பின்னும் அவளுடைய பிறந்த வீட்டார் வந்தால் தனித் தட்டு; தனிக் குவளை. வாடகைக்கு வீடு தேடி வரும் குடும்பத்திடம் முதற்கேள்வியே சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கிறது, அக்கேள்வியின் உள்ளே குலத்தைப் பற்றிய கேள்வி ஒளிந்திருப்பதைக் கேட்பவரும் அறிவார், கேட்கப்படுபவரும் அறிவார். இத்தகைய இல்லத்தில் ஆட்டின் உயிர் காக்கப்படுகிறது. மனித உயிர் ஒன்று நாள்தோறும் கூனிக் குறுகுகிறது. ஜீவகாருண்யம் என்ற சொல் அங்கே பொருந்துமா?

அடிகளார் இவ்விடத்தில் மிகக் கண்டிப்பும் மிகக் கருணையும் ஒருங்கே உடையவராகக் காட்சியளிக்கிறார். கொலையும் புலையும் விட்டவர்களை அக இனத்தார் என்றும், விடாதவர்களைப் புற இனத்தார் என்றும் அவர் பிரித்தது உண்மை. அந்தப் பிரிவு பிறப்பால் வந்ததன்று. இன்று விட்டவர் இன்றே அக இனத்தார். புற இனத்தார்க்குத் தம் நெறியின் மற்ற உரிமைகளை அவர் தரவில்லை. ஆனால் பசி தவிர்த்தலை மட்டும் அவர்களுக்கும் செய்தே தீர வேண்டும் என்று விதித்தார். பசித்து வந்தவரின் தேசத்தையும் சமயத்தையும் சாதியையும் செய்கையையும் விசாரிக்கலாகாது என்பது அவர் நூலின் கட்டளை. 'செய்கை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உண்ணும் உணவும் செய்கையுள் அடங்கும். இப்போது இரண்டு வாயில்களின் புதிர் அவிழ்கிறது. சோற்றுச்சாலையின் வாயிலில் பொறுப்பு சோறிடுபவனுடையது. ஆகவே பெறுபவனிடம் நிபந்தனை இல்லை. ஞானசபையின் வாயிலில் பொறுப்பு உள்ளே செல்பவனுடையது. ஆகவே அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒழுக்கம் பிறர்மேல் வீசும் கல்லன்று. தன்மேல் ஏற்றுக்கொள்ளும் நோன்பு.

கொலையும் பசியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு இக்காலத்துச் செய்தி ஒன்றும் துணை நிற்கிறது. உலகில் விளையும் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனமாகிறது. மேய்ச்சல் நிலத்துப் புல்லையும் அறுவடைத் தாளையும் தின்று வளரும் ஆட்டுக்கும், கொல்லையில் கிளறித் தின்னும் நாட்டுக்கோழிக்கும் இக்கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நாமக்கல், பல்லடம் வட்டாரங்களில் பண்ணைகளில் வளரும் கோழிகளுக்கு மக்காச்சோளமும் சோயாவும் மூட்டை மூட்டையாக வேண்டும். தானியத்தில் உள்ள ஊட்டம் இறைச்சியாக மாறும்போது அதில் பெரும்பகுதி வீணாகிறது. நேரே தானியமாகவும் பருப்பாகவும் உண்டால் அதே நிலம் மேலும் பல வயிறுகளை நிரப்பும். மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருவதாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடிய அருளாளரின் அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உடல்நலம் குறித்து மிகையாகப் பேசுவது சிலரது வழக்கம். புலால் விட்டால் எல்லா நோயும் தீரும் என்பது சரியன்று. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களுள் ஒன்று என உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் 2015-இல் வகைப்படுத்தியது. இது மெய். அதே வேளையில் மரக்கறி உணவையும் அறிந்து உண்ண வேண்டும். அரிசியில் லைசின் என்னும் சத்து குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆகவேதான் பொங்கலும் இட்லியும் சாம்பார்ச் சோறும் ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்புகின்றன. முன்னோர் இதை ஆய்வுக்கூடத்தில் அறியவில்லை, அடுப்படியில் அறிந்தனர். கீரையோடும் பயறோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். பி12 என்னும் உயிர்ச்சத்தை மட்டும் தாவர உணவை நம்பிப் பெற இயலாது. பால், தயிர், மோர் கொள்வோர்க்கு ஓரளவு கிடைக்கும். பாலையும் விட்டு நனிசைவம் மேற்கொள்வோர் அதனை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ தவறாது கொள்ள வேண்டும். குறைந்தால் இரத்தமும் நரம்பும் கெடும். கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் மருத்துவரைக் கலந்தே செய்ய வேண்டும். இரக்கத்தின் பெயரால் தன் உடலை வாட்டுவதும் ஜீவகாருண்யம் ஆகாது. தன் உயிரும் ஓர் உயிரே. நனிசைவத்தார் எழுப்பும் ஒரு வினாவையும் ஒதுக்கிவிட இயலாது. பால் தராத காளைக்கன்றின் முடிவு என்ன ஆகிறது என்பதே அது. பசுவைப் போற்றும் அன்பர்கள் இதற்கு விடை தேடக் கடமைப்பட்டவர்கள்.

எப்படித் தொடங்குவது? பெரும்பாலான இல்லங்களில் தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுகிறார்கள், புரட்டாசியில் விடுகிறார்கள், ஐயப்பனுக்கு மாலையிட்டால் 48 நாள் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் வள்ளலார் நினைவு நாளில் இறைச்சிக் கடைகளுக்கே விடுமுறை. 48 நாள் இயன்றவருக்கு 49-ஆம் நாள் ஏன் இயலாமற் போகிறது என்பதை அவரே எண்ணிப் பார்க்கலாம். மணிமேகலையில் சாதுவன் கதை இதற்கு நல்ல துணை. கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறிய வணிகன் அவன். கள்ளும் ஊனும் அவனுக்கு விருந்தாக வைக்கப்பட்டன, மறுத்தான். கொலையை விட்டால் பிழைப்பது எவ்வாறு என்ற நிலையில் இருந்த அந்த நாகர் தலைவனிடம் அவன் ஒரே நாளில் எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. முதுமையால் தாமே இறக்கும் விலங்குகளைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதிருக்கும்படி மட்டும் சொன்னான். தலைவனும் ஏற்றான். ஏளனம் செய்திருந்தால் ஏற்றிருக்கமாட்டான். அவன் மனைவி ஆதிரைதான் பின்னர் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள்.

விட விழைவோர் விடுவதோடு இன்னொன்றையும் சேர்த்துத் தொடங்கினால் நன்று. இறைச்சிக்கென வாரந்தோறும் செலவான தொகையை ஓர் உண்டியலில் இட்டுவரலாம். திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. வீட்டில் மகனோ மகளோ பிறந்த நாள் காணும்போது அந்த உண்டியல் அங்கே சென்று சேரட்டும். உடன் அமர்ந்து உண்ணும் வாய்ப்பும் கிடைக்கும்; பக்கத்து இலையில் இருப்பவர் யாரென்று கேளாமல் உண்ணும் பழக்கமும் குழந்தைக்கு வரும்.

அடிகளார் பிறந்த 200-ஆம் ஆண்டு 2022 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரை கொண்டாடப்பெற்றது. அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. வடலூருக்கு வர விழைவோர் கடலூர் - விருத்தாசலம் தொடர்வண்டித் தடத்தில் அவ்வூர் நிலையத்திலேயே இறங்கலாம். தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீக்கி ஆறு காலம் சோதி தரிசனம் நடைபெறும். அதன்பின் மூன்றாம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருஅறை தரிசனம். ஞானசபையின் உள்ளே செல்ல இன்னும் தம்மைத் தகுதியாக்கிக்கொள்ளாதவர்களும் வெளியில் நின்று சோதியைக் காணலாம். கண்ட பின் தருமச்சாலைக்குச் சென்றால், இலை போட்டுச் சோறு தயாராக இருக்கும்.